பறவைகளைப் படமெடுக்க ஒரு சிறு தொலைநோக்கி: வாங்கும் முன் அறிய வேண்டியவை



அடையாற்றின் மேலுள்ள திரு.வி.க. பாலத்தை என்றேனும் காலை வேளையில் பேருந்தில் கடந்திருக்கிறீர்களா? கார்த்திகை, மார்கழி மாதங்களில் அந்தப் பக்கம் போனால் சற்றே கிழக்கே திரும்பிப் பாருங்கள். ஆற்றுச் சேற்றின் மீது வெள்ளைப் புள்ளிகளும் கறுப்புப் புள்ளிகளும் சிதறிக் கிடக்கும். அவற்றில் சில நகரும். சில ஒற்றைக் காலில் நிற்கும். பேருந்து பாலத்தைத் தாண்டுவதற்குள் காட்சி முடிந்துவிடும்.

மயிலாப்பூரில் குடியிருக்கும் என் நண்பர் ஒருவரின் மகள் அடையாற்றில் உள்ள பள்ளியொன்றில் ஒன்பதாம் வகுப்புப் படித்து வந்தாள். நாள்தோறும் இருமுறை அந்தப் பாலத்தைக் கடப்பவள். "அத்தா, அந்த வெள்ளைப் பறவைக்குப் பேர் என்ன?" என்று ஒருநாள் கேட்டாள். தியாகராய நகர்த் துணிக்கடை ஒன்றில் கணக்கெழுதும் அந்தத் தந்தைக்கு விடை தெரியவில்லை. கொக்கு என்றார். "எல்லாமே கொக்கா?" என்றாள் மகள். அந்தக் கேள்வியிலிருந்துதான் இது தொடங்கிற்று.

இரண்டு ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பெருநாள் காசை அவள் எடுத்து நீட்டினாள். தந்தையும் தம் பங்குக்குக் கொஞ்சம் போட்டார். கைபேசியில் கண்ட விளம்பரம் ஒன்றை நம்பி, "80×100" என்று பெரிய எழுத்தில் அச்சிட்ட தொலைநோக்கி ஒன்றைத் தபாலில் வருவித்தார்கள். நிலவின் பள்ளங்களையும் நெடுந்தொலைவுப் பறவையின் இறகுகளையும் காட்டும் என்றது விளம்பரம். வந்து சேர்ந்த கருவியோ மங்கலான ஒரு வட்டத்தையும் அதன் நடுவே நடுங்கும் நிழலையும்தான் காட்டிற்று. அளவுகோல் வைத்து அளந்து பார்த்தபோது முன்கண்ணாடியின் விட்டம் 40 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. திருப்பி அனுப்பும் கெடுவும் முடிந்திருந்தது. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. கருவியைத் துணியில் சுற்றி அலமாரியின் மேல் வைத்துவிட்டாள். அதன் பிறகு பறவைகளைப் பற்றியே அவள் கேட்கவில்லை. "போன பணத்தைவிட அவள் கேட்காமல் இருப்பதுதான் என்னை வருத்துகிறது" என்றார் நண்பர்.

அந்தக் குடும்பத்துக்கு நேர்ந்தது உங்கள் குடும்பத்துக்கு நேர வேண்டாம். ஆகவேதான் இந்தக் கட்டுரை.

உங்களுக்கு இது தேவைதானா?

கடைகளில் 'ஸ்பாட்டிங் ஸ்கோப்' என்று விற்கப்படுவது ஒற்றைக் கண்ணால் பார்க்கும் சிறிய நிலத் தொலைநோக்கி. நாம் சுருக்கமாக ஸ்கோப் என்றே அழைப்போம். இரு கண்களாலும் பார்க்கும் பைனாகுலர் வழக்கமாக 8 அல்லது 10 மடங்கு பெரிதாக்கும். ஸ்கோப் 15 மடங்கில் தொடங்கி 60 மடங்கு வரை செல்லும். பைனாகுலரைக் கையில் பிடித்துப் பார்க்கலாம். ஸ்கோப்பை முக்காலியின் மீது பொருத்தாமல் பார்க்க இயலாது.

இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே எங்கே எது பயன்படும் என்பதை அறிந்துகொள்ளலாம். கிண்டி தேசியப் பூங்காவிலும் பிரம்மஞான சபையின் சோலையிலும் பறவைகள் இலைகளுக்குள் மறைந்து கிளைக்குக் கிளை தாவும். அங்கே முக்காலியை விரித்து, கருவியைத் திருப்பி, குவியப்படுத்துவதற்குள் பறவை பறந்துவிடும். அங்கே பைனாகுலரே சிறந்தது. ஆற்று முகத்துவாரம், சதுப்பு நிலம், ஏரிக்கரை போன்ற திறந்த வெளிகளில் பறவை தொலைவில் இருக்கும். ஆனால் நெடுநேரம் ஒரே இடத்தில் நின்று மேயும். அங்கேதான் ஸ்கோப் தன் திறனைக் காட்டும்.

ஆகவே, வீட்டில் இதுவரை எந்தக் கருவியும் இல்லையென்றால் முதலில் 8×42 அளவுள்ள ஒரு நல்ல பைனாகுலரை வாங்குங்கள். ஓராண்டு அதைக் கொண்டு பாருங்கள். பிள்ளையின் ஆர்வம் நிலைத்திருந்தால், தொலைவிலுள்ள நீர்ப்பறவைகளைப் படமெடுக்கும் விருப்பமும் இருந்தால், அப்போது ஸ்கோப்பைப் பற்றி எண்ணலாம். பறக்கும் பறவையைப் படம் பிடிப்பதே உங்கள் நோக்கம் என்றால் ஸ்கோப் ஏமாற்றமே தரும். அதற்கு நீள்குவிய லென்சு கொண்ட கேமராவோ, 2015ஆம் ஆண்டு வெளிவந்த நிக்கான் பி900 போன்று உடலோடு இணைந்த நெடும் ஜூம் உள்ள கேமராவோதான் ஏற்றது. அத்தகைய கேமராவை நம்பகமானவரிடமிருந்து பழையதாக வாங்குவதும் சிக்கனமான வழியே.

படமெடுக்கும் இந்த வழக்கம் எப்படி வந்தது?

ஒளி பொருள்களிலிருந்து புறப்பட்டுக் கண்ணுக்குள் வருவதாலேயே நாம் பார்க்கிறோம் என்பதை ஆய்வுகளால் நிறுவியவர் பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைதம். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர் எழுதிய 'கிதாபுல் மனாளிர்' இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பிய ஒளியியலுக்கு அடித்தளங்களில் ஒன்றாயிற்று. இருட்டறையின் சிறு துளை வழியே ஒளி நுழையும் முறையை ஆராய்ந்தவரும் அவரே. தொலைநோக்கியும் கேமராவும் அந்த அறிவுப் பாதையில் பல நூற்றாண்டுகள் கழித்து வந்தவை.

தொலைநோக்கியையும் கேமராவையும் இணைத்துப் பறவைகளைப் படமெடுக்கும் வழி உலகெங்கும் பரவியதற்கு மலேசியாவே ஒரு காரணம். 1999ஆம் ஆண்டில் லாரன்ஸ் போ என்ற மலேசியப் பறவை ஆர்வலர் தம் சிறிய டிஜிட்டல் கேமராவை ஸ்கோப்பின் கண்வில்லைக்கு நேரே பிடித்துப் படமெடுத்துப் பார்த்தார். எதிர்பாராத அளவுக்குத் தெளிவான படங்கள் கிடைத்தன. அதே ஆண்டில் பிரான்சு நாட்டுப் பறவை ஆர்வலர் அலேன் ஃபோசே இம்முறைக்கு 'டிஜிஸ்கோப்பிங்' என்று பெயரிட்டார். இன்று அந்தக் கேமராவின் இடத்தில் நம் கைபேசி அமர்ந்திருக்கிறது.

எளிய கருவியைக் கொண்டு அரிய படம் எடுக்க முடியுமா என்று ஐயுறுவோருக்கு நம் மயிலாப்பூரிலேயே சான்று உண்டு. எழுத்தாளர் அ. மாதவையாவின் மகனான மா. கிருஷ்ணன் (1912–1996) அங்கே வாழ்ந்தவர். வனவிலங்குகளைப் பற்றித் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதியவர். கறுப்பு வெள்ளைப் படங்களால் புகழ் பெற்றவர். வெவ்வேறு கருவிகளின் பாகங்களைச் சேர்த்துத் தாமே அமைத்துக்கொண்ட கேமராவையே அவர் காடுகளுக்குச் சுமந்து சென்றார். கருவியின் விலையைக் காட்டிலும் காத்திருக்கும் பொறுமையும் விலங்கின் இயல்பை அறிந்த அறிவுமே அவருக்குக் கைகொடுத்தன.

எண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஸ்கோப்பின் மீது "20-60×60" என்பது போல எழுதியிருக்கும். முதலிலுள்ள 20-60 என்பது எத்தனை மடங்கு பெரிதாக்கும் என்பதைக் குறிக்கும். பின்னுள்ள 60 என்பது முன்கண்ணாடியின் விட்டம், மில்லிமீட்டரில்.

வாங்குவோர் பெரும்பாலும் முதல் எண்ணைப் பார்த்தே மயங்குகிறார்கள். பார்க்க வேண்டியது இரண்டாம் எண். அடைமழையில் முற்றத்தில் வைத்த வாய் அகன்ற அண்டாவும் வாய் குறுகிய செம்பும் ஒரே அளவு நீரையா பிடிக்கும்? ஒளியும் அப்படியே. 50 மி.மீ. கண்ணாடியைவிட 60 மி.மீ. கண்ணாடி ஏறத்தாழ ஒன்றரை மடங்கு ஒளியைச் சேர்க்கும். 80 மி.மீ. கண்ணாடி 60 மி.மீ. கண்ணாடியைக் காட்டிலும் முக்கால் பங்குக்கு மேல் கூடுதலாகச் சேர்க்கும். ஆனால் எடையும் விலையும் அதற்கேற்ப ஏறும். முக்காலியும் கனமானதாக வேண்டியிருக்கும். பேருந்தில் ஏறி இறங்கும் நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு 60 அல்லது 65 மி.மீ. அளவே நடுநிலையானது. பை சிறிதாக இருக்க வேண்டுமென்றால் 50 மி.மீ. கருவியும் நல்ல வெயிலில் பயன் தரும்.

இனி ஓர் எளிய வகுத்தல் கணக்கு. விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால், கண்வில்லையிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் பருமன் கிடைக்கும். 60 மி.மீ. கருவியை 20 மடங்கில் வைத்தால் ஒளிக்கற்றை 3 மி.மீ.; 60 மடங்கில் வைத்தால் 1 மி.மீ. மட்டுமே. பகல் வெளிச்சத்தில் நம் கண்மணி ஏறத்தாழ 2 முதல் 3 மி.மீ. வரை விரிந்திருக்கும். அதற்கு ஈடான கற்றை வந்தால் காட்சி பளிச்சென இருக்கும். 60 மடங்குக்குத் திருப்பியதும் காட்சியின் ஒளி ஒன்பதில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். கைபேசியும் அந்த இருட்டை ஈடுகட்ட முயன்று படத்தில் புள்ளி புள்ளியாக மாசு படியச் செய்யும்.

நண்பர் வாங்கிய கருவியை இப்போது எண்ணிப் பாருங்கள். 40 மி.மீ. கண்ணாடியில் உண்மையிலேயே 80 மடங்கு பெருக்கம் இருந்தால் ஒளிக்கற்றை அரை மில்லிமீட்டர்தான். அதில் தெளிவான பறவை எப்படித் தெரியும்? பெரிய பெருக்க எண்ணும் சிறிய கண்ணாடியும் ஒன்றாக வந்தால் அதைத் தொடாதீர்கள்.

ஆகவே 20 முதல் 30 மடங்கு வரையே உங்கள் உண்மையான பயன்பாடு இருக்கும் என்று கொள்ளுங்கள். அகன்ற காட்சி தரும் 20 அல்லது 25 மடங்கு நிலைத்த கண்வில்லை கிடைக்குமானால், மலிவான ஜூம் கண்வில்லையைவிட அதுவே மேல். மலிவான ஜூம்களில் காட்சி ஒரு குழாயின் வழியே பார்ப்பது போல ஒடுங்கியிருக்கும்.

எவ்வளவு அருகில் இருக்க வேண்டும்?

இதை விற்பவர் சொல்லமாட்டார். நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 60 மி.மீ. கருவிகளில் பல, 20 மடங்கில், 1000 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 35 மீட்டர் அகலத்தைக் காட்டும். அப்படியானால் 100 மீட்டர் தொலைவில் மூன்றரை மீட்டர். பவளக்காலி என்றும் நெடுங்கால் உள்ளான் என்றும் அழைக்கப்படும் பறவையின் நீளம் சுமார் 38 சென்டிமீட்டர். 100 மீட்டர் தொலைவில் அது வட்டத்தின் ஒன்பதில் ஒரு பங்கை அடைக்கும். இன்ன பறவை என்று உறுதியாகச் சொல்ல அது போதும். சுவரில் மாட்டும் படத்துக்குப் போதாது. அதே பறவை 30 மீட்டரில் நின்றால் வட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை நிரப்பும். நல்ல படம் அப்போதுதான் கிடைக்கும்.

இதிலிருந்து அறிய வேண்டியது என்ன? ஸ்கோப் தொலைவை அழித்துவிடாது. மேலும், காலை பத்து மணிக்கு மேல் சேற்றுவெளியும் மணலும் சூடேறி, காற்று கானல் போல அலையத் தொடங்கும். எவ்வளவு விலையுயர்ந்த கருவியாயினும் அந்த அலைவையும் சேர்த்தே பெரிதாக்கும். சுபுஹுத் தொழுகை முடித்த கையோடு புறப்பட்டு, வெயில் ஏறுமுன் திரும்பிவிடுவதே நல்லது.

கடையில் செய்ய வேண்டிய சோதனைகள்

அண்ணா சாலையிலும் தியாகராய நகரிலும் உள்ள கேமராக் கடைகளில் வாங்கினாலும், தபாலில் வருவித்தாலும், கீழ்க்காணும் சோதனைகளைத் தவறாமல் செய்யுங்கள். தபாலில் வாங்கும்போது, திருப்பி அனுப்ப எத்தனை நாள் கெடு என்பதை முன்னதாகவே கேட்டு, அந்த நாட்களுக்குள் சோதனையை முடித்துவிடுங்கள்.

முதலாவது, முன்கண்ணாடியை அளவுகோலால் அளந்து, எழுதியுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள்.

இரண்டாவது, குழல்விளக்கின் பிம்பத்தைக் கண்ணாடியில் பாருங்கள். மங்கிய பச்சை அல்லது ஊதா நிறத்தில் தெரிந்தால் ஒளி எதிரொளிக்காதிருக்கப் பூச்சு பூசப்பட்டிருக்கிறது என்று பொருள். வெள்ளை வெளேரென்று தெரிந்தால் பூச்சில்லை. மாணிக்கம் போலச் செக்கச் சிவந்த கண்ணாடி பார்க்க அழகாயிருக்கும். அது சிவப்பொளியைத் திருப்பி அனுப்பிவிடுவதால் காட்சியின் நிறம் கெடும். எல்லாக் கண்ணாடிப் பரப்புகளிலும் பல அடுக்குப் பூச்சு உண்டா, முப்பட்டகம் 'பேக்-4' வகைக் கண்ணாடியா என்று கேளுங்கள்.

மூன்றாவது, மின்கம்பியின் மேல் அமர்ந்த காகத்தைப் பாருங்கள். சென்னையில் காகத்துக்குப் பஞ்சமில்லை. வெளுத்த வானத்தின் முன் கறுத்த பறவை நிற்கும்போது அதன் ஓரங்களில் ஊதாவும் பச்சையுமாக விளிம்பு தெரிந்தால், கண்ணாடி நிறங்களைப் பிரித்துவிடுகிறது என்று பொருள். சற்றே தெரிவது மலிவான கருவிகளில் இயல்பு. 20 மடங்கிலேயே பட்டையாகத் தெரிந்தால் வேண்டாம். 'இ.டி.' என்று குறிக்கப்படும் சிறப்புக் கண்ணாடி இந்தக் குறையைப் பெரிதும் குறைக்கும்; ஆனால் விலையை உயர்த்தும்.

நான்காவது, தெருக்கோடியில் உள்ள பெயர்ப்பலகையின் சிறிய எழுத்துகளைப் படியுங்கள். நடுவில் தெளிவாகத் தெரிகின்றனவா என்பதே முதன்மை. ஓரங்கள் சற்று மங்கினால் பொறுத்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, வீட்டில் மூக்குக்கண்ணாடி அணிபவர் உண்டானால் அவரையும் பார்க்கச் சொல்லுங்கள். கண்வில்லைக்கும் கண்ணுக்கும் இடையே 15 மி.மீ. அளவாவது விலகியிருந்து முழு வட்டத்தையும் பார்க்க இயல வேண்டும்.

கண்வில்லை நேராக உள்ள வகையும், சாய்வாக உள்ள வகையும் கிடைக்கும். நேரானதைக் கொண்டு பறவையைக் குறிபார்ப்பது எளிது. ஆனால் குடும்பமாகப் பார்ப்போருக்குச் சாய்வானதே உகந்தது. சிறு பிள்ளையின் உயரத்துக்கு முக்காலியை நிறுத்திவிட்டால், பெரியவர்கள் சற்றே குனிந்து பார்த்துக்கொள்ளலாம். ஆளுக்கு ஆள் முக்காலியை ஏற்றி இறக்க வேண்டியதில்லை.

பத்து ரூபாயைப் பங்கிடும் விதம்

ஸ்கோப்பின் விலை சில ஆயிரங்களில் தொடங்கி இலட்சங்கள் வரை செல்லும். கையிலுள்ள பணம் முழுவதையும் ஸ்கோப்பிலேயே போட்டுவிட்டு, ஆடும் முக்காலியில் அதை நிறுத்துவதுதான் பலரும் செய்யும் தவறு. மொத்தப் பணத்தைப் பத்து ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஆறு ரூபாய் ஸ்கோப்புக்கு. மூன்று ரூபாய் முக்காலிக்கு. எஞ்சிய ஒரு ரூபாய், கைபேசியைக் கண்வில்லையோடு பிணைக்கும் பிடிப்பானுக்கும், துடைக்கும் துணிக்கும், காற்றுப் புகாத பெட்டிக்கும்.

கடலோரக் காற்றில் முக்காலி ஆடாமலிருக்க அதன் நடுத்தண்டை உயர்த்தாதீர்கள். கால்களையே விரித்து நீட்டுங்கள். கொண்டுபோன பையை நடுவில் தொங்கவிட்டால் அதுவே பாரமாக நின்று அதிர்வைக் குறைக்கும். திரு.வி.க. பாலத்தின் நடைபாதையில் ஸ்கோப்பை நிறுத்திப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும்: ஒவ்வொரு பேருந்து போகும்போதும் பாலமே அதிரும், பறவையும் கூடவே துள்ளும். படமெடுக்கத் தரையே நல்லது.

கைபேசியை இணைத்தல்

கைபேசியில் இரண்டு மூன்று லென்சுகள் இருக்கும். அகலக் காட்சி லென்சை விட்டுவிட்டு முதன்மை லென்சையே கண்வில்லையின் நடுவுக்கு நேராக நிறுத்துங்கள். முதலில் கறுத்த விளிம்போடு ஒரு வட்டம் தெரியும். கைபேசியின் திரையை ஒன்றரை அல்லது இரண்டு மடங்கு பெரிதாக்கினால் அந்த விளிம்பு மறையும். அதற்கு மேல் திரையில் பெரிதாக்குவது வீண். அது படத்தைப் பெரிதாக்குவதில்லை, கூறுகளை ஊதிக் காட்டுவதே.

பறவையின் மீது விரலை வைத்து அழுத்திக் குவியத்தைப் பூட்டுங்கள். வெண்கொக்கு போன்ற வெண்ணிறப் பறவையானால் ஒளியளவைக் குறையுங்கள். இல்லையேல் அதன் இறகெல்லாம் சுண்ணாம்பு பூசியது போல் ஆகிவிடும். விரலால் திரையைத் தொட்டுப் படமெடுத்தால் அந்தத் தொடுகையே ஆட்டம் தரும். இரண்டு நொடித் தாமதத்தில் எடுக்கும் வசதியைப் பயன்படுத்துங்கள். பல கைபேசிகளில் கம்பியுள்ள காதொலிப்பானின் ஒலியளவுப் பொத்தானை அழுத்தினாலும் படம் விழும். ஒன்றுக்குப் பத்தாக எடுங்கள். பறவை தலையை அசைக்காத ஒரு கணம் அவற்றில் ஒன்றிலாவது சிக்கும்.

எங்கே செல்லலாம்?

வடநாடுகளிலிருந்து வலசை வரும் பறவைகளைக் காண அக்டோபர் முதல் மார்ச் வரை ஏற்ற காலம். அடையாறு முகத்துவாரத்தில் பெசன்ட் நகர்ப் பக்கமுள்ள உடைந்த பாலத்தருகே நின்றால், காலை வெயில் பெரும்பாலும் முதுகுப்புறம் விழும். வடக்கேயும் மேற்கேயும் உள்ள சேற்றுத்திட்டுகள் பளிச்செனத் தெரியும். கடல்நீர் வற்றும் நேரத்தில் சேறு வெளிப்பட்டு உள்ளான்கள் மேய இறங்கும்; ஆலாக்கள் மணல்திட்டில் இளைப்பாறும். ஆள் நடமாட்டம் குறைந்த இடமாதலால் பெண்களும் பிள்ளைகளும் குழுவாகச் செல்வதே நலம்.

பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2007இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு, 2022இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்தது. துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையோரத்திலிருந்தே கூழைக்கடா, நீலத் தாழைக்கோழி, பூநாரை, புள்ளிமூக்கு வாத்து ஆகியவற்றைக் காணலாம். ஆனால் அது வண்டிகள் விரையும் சாலை. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். விடுமுறையில் ஒரு நாள் ஒதுக்க முடிந்தால் வேடந்தாங்கலுக்குச் செல்லுங்கள். அங்கே கூடுகட்டும் பறவைகளைக் கரையிலிருந்தே நிறைவாகப் பார்க்கலாம்.

வாங்கும் முன் மற்றவர் கருவியில் பார்ப்பதே எல்லாவற்றிலும் சிறந்த சோதனை. 1978ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் சென்னை இயற்கை ஆர்வலர் சங்கம் களப் பயணங்களை நடத்தி வருகிறது. அத்தகைய பயணங்களில் ஸ்கோப் வைத்திருப்போர், ஆர்வத்தோடு நிற்கும் பிள்ளையை அழைத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம்.

பேண வேண்டிய ஒழுங்குகள்

சூரியனை நோக்கி ஸ்கோப்பைத் திருப்பவே கூடாது. கண்பார்வை நொடியில் போய்விடும். இதைப் பிள்ளைகளுக்கு முதல் பாடமாகச் சொல்லிக்கொடுங்கள்.

மொட்டை மாடியில் நின்று பார்க்கும்போது அண்டை வீட்டுச் சன்னல்களின் பக்கம் கருவி திரும்பலாகாது. நாம் பறவையைத்தான் பார்த்தோம் என்றாலும், அடுத்த வீட்டாரின் உள்ளத்தில் ஐயம் எழ இடம் தரக் கூடாது. மாடிக்குச் செல்லும் முன் ஒரு வார்த்தை சொல்லிவிடுவது நல்லுறவுக்கு அழகு.

கூட்டின் அருகே செல்லாதீர்கள். கல்லெறிந்து பறவையைப் பறக்கவிட்டுப் படமெடுக்காதீர்கள். பல்லாயிரம் கிலோமீட்டர் பறந்து வந்த பறவை இரை தேடும் நேரத்தை நாம் கெடுத்தால், அது திரும்பிச் செல்லச் சேர்க்க வேண்டிய வலிமையையே கெடுக்கிறோம். நம் நாட்டுப் பறவைகள் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ளவை என்பதையும் மறவாதீர்கள்.

கருவியையும் பேண வேண்டும். சென்னையின் ஈரக்காற்றில் கண்ணாடிக்குள் பூஞ்சை படியும். காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். உள்ளே நைட்ரஜன் நிரப்பி அடைக்கப்பட்ட கருவி கிடைத்தால் இன்னும் நல்லது. கடற்கரையிலிருந்து வந்ததும் மணலை முதலில் ஊதி அகற்றிவிட்டு, பிறகே துணியால் துடையுங்கள். மணலோடு துடைத்தால் பூச்சில் கீறல் விழும்.

ஒரு சிறுவனுக்குத் திறந்த கதவு

இந்தியப் பறவையியலின் தந்தை என்று போற்றப்படும் சாலிம் அலி 1896இல் பம்பாயில் பிறந்தவர். மிக இளம் வயதிலேயே தாய் தந்தை இருவரையும் இழந்து, மாமா அமீருத்தீன் தய்யப்ஜியின் வீட்டில் வளர்ந்தார். சிறுவனாக இருக்கையில் விளையாட்டுத் துப்பாக்கியால் ஒரு குருவியைச் சுட்டார். அதன் கழுத்தில் மஞ்சள் நிறம் இருந்தது. வழக்கமான சிட்டுக்குருவியாக அது தெரியவில்லை. "இது என்ன?" என்று மாமாவைக் கேட்டார். மாமாவுக்கும் விடை தெரியவில்லை. ஆனால் அவர் "ஏதோ ஒரு குருவி" என்று சொல்லிப் பேச்சை முடித்துவிடவில்லை. தெரிந்தவரிடம் கேட்டுவர வழிகாட்டி, பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்துக்கு அனுப்பினார். அங்கே செயலாளராயிருந்த மில்லார்டு என்பவர் அந்தச் சிறுவனை அழைத்துச் சென்று, சேகரித்து வைத்திருந்த பறவைகளையெல்லாம் பொறுமையோடு காட்டினார். அந்தச் சிறுவனின் வாழ்க்கை அன்றே திசை திரும்பிற்று. அவர் எழுதிய இந்தியப் பறவைகள் நூல் 1941இல் வெளிவந்தது. 1976இல் நாடு அவருக்குப் பத்ம விபூஷண் விருதளித்தது. 1987இல் அவர் மறைந்தார். கோயம்புத்தூரில் உள்ள பறவையியல் ஆய்வு மையம் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

துப்பாக்கியால் சுட்டு அறிந்த காலம் அது. நம் பிள்ளைகள் ஓர் இறகும் உதிராமல் அறிந்துகொள்ளலாம். ஆனால் தெரியாதபோது தெரிந்தவரிடம் அழைத்துச் செல்லும் பெரியவர் ஒருவர் அன்றும் தேவைப்பட்டார், இன்றும் தேவைப்படுகிறார்.

என் நண்பரும் அதைத்தான் செய்தார். அடுத்த குளிர்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பறவை பார்ப்போர் குழுவொன்றுடன் மகளை முகத்துவாரத்துக்கு அழைத்துச் சென்றார். முதலில் அவள் தயங்கி ஒதுங்கியே நின்றாள். வயதான ஒருவர் தம் ஸ்கோப்பின் உயரத்தைத் தாழ்த்தி, "வாம்மா, பார்" என்றார். குனிந்து பார்த்தவள் நெடுநேரம் நிமிரவில்லை. "அத்தா, அதுக்குக் காலு ரோசாப்பூ நிறம்!" என்றாள். அது பவளக்காலி. அன்று வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் அவள் ஓயாமல் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தாள்.

முதலில் ஒரு பைனாகுலர் வாங்கினார்கள். ஓராண்டு கழித்து 60 மி.மீ. ஸ்கோப் ஒன்றை, 20 மடங்கு நிலைத்த கண்வில்லையோடு, காகத்தையும் பெயர்ப்பலகையையும் பார்த்துச் சோதித்தே வாங்கினார்கள். அவள் எடுக்கும் படங்கள் போட்டிகளில் பரிசு பெறுபவை அல்ல. ஆனால் ஒவ்வொரு படத்தின் கீழும் தேதி, நேரம், இடம், எண்ணிக்கை ஆகியவற்றை எழுதி வைக்கிறாள். 2015 முதல் ஆண்டுதோறும் பொங்கல் நாட்களில் தமிழகமெங்கும் நடைபெறும் பறவைக் கணக்கெடுப்பில் அவளுடைய பட்டியலும் சேர்கிறது. அலமாரியின் மேலிருந்த பழைய கருவியை அவள் எறிந்துவிடவில்லை. வாங்க விரும்புவோர் எவரேனும் வீட்டுக்கு வந்தால் முதலில் அதை எடுத்துக் காட்டி, "இதில் கண்ணாடியை அளந்து பாருங்கள்" என்கிறாள்.

உங்கள் பிள்ளையும் ஒருநாள் சன்னலுக்கு வெளியே கைநீட்டிக் கேட்கக்கூடும். விடை தெரியவில்லை என்றால் தெரியாது என்றே சொல்லுங்கள். பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமை எங்கே போகலாம் என்று அவனோடோ அவளோடோ உட்கார்ந்து திட்டமிடுங்கள். கருவி வாங்குவதை அதன் பின் பார்த்துக்கொள்ளலாம்.